மந்தைவெளி ரயிலும் மூன்று ஸ்பிரிங்குகளும்

மந்தைவெளி, சென்னை

அன்புள்ள சேகர்,

உன் மார்ச் மாதக் கடிதத்துக்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன். திட்டுவதாக இருந்தால் மொத்தமாகத் திட்டி முடித்துவிடு. வீட்டில் அனைவரும் நலம். கோபாலிக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது. உன் கீபோர்டு ஸ்டாண்டை மட்டும் அவன் இன்னும் திருப்பித் தரவில்லை.

இந்த ஐந்து மாதமாக நான் ஒரு ஸ்பிரிங் ரிவெர்ப் பெட்டி, அதாவது ஒலியை ஸ்பிரிங்குகள் வழியே அனுப்பி எதிரொலி கூட்டும் பெட்டி, செய்துகொண்டிருந்தேன். கணினியில் ஒரு பொத்தானைத் தட்டினால் மாதா கோயிலே வந்து இறங்கும் காலத்தில் இது எதற்கு என்று வசந்தி தினமும் கேட்கிறாள். கல்யாண ரிசப்ஷன்களில் பாட்டின் நடுவே 'எக்கோவைக் கூட்டு' என்று சைகை காட்டியே என் உயிரை வாங்கிய நீ அந்தக் கேள்வியைக் கேட்கமாட்டாய்.

இந்த ஸ்பிரிங் யோசனை முதலில் இசைக்காகப் பிறந்ததே இல்லை. தொலைதூரத் தொலைபேசியில் குரல் பிந்தி வருவதைச் சோதனைக்கூடத்தில் உண்டாக்கிப் பார்ப்பதற்காக அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் செய்தது அது. வீட்டுக் கூடத்தில் வாசித்தாலும் தேவாலயத்தில் வாசிப்பதுபோல் ஒலிக்கவேண்டும் என்று ஆர்கன் தயாரித்த ஹாமண்ட் அதைத் தம் ஆர்கனுக்குள் கொண்டுவந்தார். 1961இல் ஃபெண்டர் என்ற கிட்டார் கம்பெனி அதைத் தனிப் பெட்டியாகவே கிட்டார்க்காரர்களுக்கு விற்றது. நீ மஸ்கட்டிலிருந்து ட்ரங்க் கால் போட்ட நாட்களில் நான் சொன்ன 'ஹலோ' எனக்கே திரும்பி வருமே, அதையேதான் நான் இப்போது கைக்காசைச் செலவழித்துச் செய்துகொண்டிருக்கிறேன்.

முதலில் கிட்டார்க் கம்பியைச் சைக்கிள் ஸ்போக்கின் மேல் சுற்றி, ஒரு முனையில் பழைய ஹெட்போன் ஸ்பீக்கரையும் மறுமுனையில் அதிர்வை மின்சாரமாக்கும் பீசோ தட்டையும் ஒட்டிப் பார்த்தேன். எவர்சில்வர் தட்டு மாடிப்படியில் உருள்கிற ஓசைதான் வந்தது. பிறகு வெளிநாட்டிலிருந்து வந்த மச்சினன் மகன், மூன்று ஸ்பிரிங் கொண்ட, ஒன்பதேகால் அங்குல நீளமுள்ள தகரப் பெட்டி ஒன்றை வாங்கி வந்தான். மற்றவை எல்லாம் ரிச்சி தெருவில் கிடைத்தன.

பெட்டிக்குள் நுழையும் இடத்தில் ஒரு சின்னக் காயில் இருக்கிறது. 1000 ஹெர்ட்ஸில் அதன் மின்மறுப்பு, அதாவது ஒலி மின்சாரத்துக்கு அது காட்டும் தடை, சில நூறு ஓம்; ஆனால் சுருதி ஏற ஏற அதுவும் ஏறும் என்பதால், சாதாரணமாக வோல்டேஜ் கொடுத்தால் மேல் ஒலிகள் மங்கிப்போகும். ஆகையால் அந்தக் காயிலை ஆப்-ஆம்ப் என்ற பெருக்கி ஐசியின் ஃபீட்பேக் வழியிலேயே (வெளியே வருவது மறுபடி உள்ளே திரும்பும் பாதையில்) மாட்டி, எந்தச் சுருதியிலும் மூன்று மில்லியாம்பியர் அளவில் ஒரே சீரான மின்னோட்டம் ஓடும்படி செய்யவேண்டும். இதையெல்லாம் வரைந்து, சால்டர் செய்து, விளக்கெல்லாம் ஏற்றாத குறையாக ஸ்விட்சைப் போட்டால், 'டப்' என்று ஒரு சத்தம், அதன்பின் மயான அமைதி. மூன்று இரவுகள் ஐசியை மாற்றி மாற்றிப் பார்த்தேன். கடைசியில் பார்த்தால், உள்ளே போகும் சாக்கெட்டின் ஒரு முனை தகர உடம்போடு ஒட்டி எர்த் ஆகியிருந்தது. என் சர்க்யூட்டுக்கோ காயிலின் இரு முனைகளும் எர்த்தைத் தொடவே கூடாது. சாக்கெட்டைக் கழற்றி, தயிர் டப்பா மூடியில் வட்டமாக ஒரு வாஷர் வெட்டி நடுவில் வைத்தவுடன் பாடத் தொடங்கியது.

உடனே அடுத்த தொல்லை. வெளியே வரும் காயில் தருவது சில மில்லிவோல்ட்தான் என்பதால் அதை நூறு மடங்கு பெருக்கவேண்டியிருக்கிறது. பக்கத்திலுள்ள டிரான்ஸ்பார்மரின் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரமும் கூடவே நூறு மடங்காகிறது. பெட்டியைக் கையில் பிடித்து மெல்லத் திருப்பிக்கொண்டே வந்தால், ஏதோ ஒரு கோணத்தில் ரீங்காரம் சட்டென்று அடங்கும். அந்தக் கோணத்திலேயே சுவரில் திருகினேன். பறக்கும் ரயிலை மறந்துவிட்டேன். ஒவ்வொரு ரயில் கடக்கும்போதும் சுவரின் அதிர்வை மூன்று ஸ்பிரிங்குகளும் வாங்கிக்கொண்டு 'கடகட'வென்று எனக்கே வாசித்துக் காட்டின. இப்போது பெட்டி சைக்கிள் டியூப் துண்டுகள் நான்கில் தூளிபோல் தொங்குகிறது. வசந்தி அதை ஆட்டிவிட்டுத்தான் அறையைக் கடக்கிறாள்.

சேகர், ஒரு செய்தியை இதுவரை தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். நான் மிக்ஸ் செய்த பாட்டுகளில் ஜால்ரா காதைக் குத்துகிறது என்று என் பெண் சொன்னாள். எனக்கு அப்படித் தெரியவில்லை என்பதால் அவளோடு சண்டை போட்டேன், அதன்பின் போய்ச் செவித்திறன் சோதனை செய்துகொண்டேன். சோதனை வரைபடத்தில் இடது காதின் கோடு 4000 ஹெர்ட்ஸ் வரை ஒழுங்காக வந்து, 6000, 8000 என்ற இடங்களில் படிக்கட்டில் தவறி விழுந்தவனைப்போல் இறங்கியிருக்கிறது. ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நின்ற அத்தனை வருடங்கள்! அது திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இரண்டு வாரம் எதையும் தொடவில்லை.

மறுபடி பெட்டியின் முன் உட்கார்ந்தபோதுதான் நினைவுக்கு வந்தது: ஸ்பிரிங்கின் வழியாக 5000 ஹெர்ட்ஸுக்கு மேல் பெரிதாக எதுவும் வருவதில்லை. உலகம் அதைக் குறை என்கிறது. ஆனால் அதிலிருந்து வரும் ஒலியில் உனக்குக் கேட்டு எனக்குக் கேட்காதது என்று அதிகம் ஒன்றுமில்லை. அன்றைக்கு நெடுநேரம் அதைத் தட்டித் தட்டிக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மற்றதற்கு உன் காது எனக்கு வேண்டும். இத்துடன் மூன்று பாட்டுகள் அனுப்புகிறேன். மேல் ஒலி எங்கே கூடியிருக்கிறது என்று நிமிடம், நொடி குறித்து எழுது, நட்புக்காகப் பொய் சொல்லாதே. உன் கிட்டாரையும் எக்கோ எதுவும் போடாமல் வாசித்துப் பதிந்து அனுப்பு. சைகை காட்டத் தேவையில்லை, நானே கூட்டிக்கொள்கிறேன்.

அன்புடன்,
முரளி