டிஃபை வேண்டாம்

அன்புள்ள மலருக்கு,

கையெழுத்துப் போடச் சொன்ன உத்தரவை மறுத்ததற்கு விளக்கம் கேட்டுக் கம்பெனி கொடுத்த மெமோவுக்கு நீ எழுதிய பதிலை அனுப்பி, "இங்கிலீஷை மட்டும் பாருங்கப்பா" என்று கேட்டிருந்தாய். சரி, இங்கிலீஷை மட்டும் பார்க்கிறேன்.

மூன்றாவது வரியில் 'ஐ டிஃபைடு தி ஆர்டர்' என்று இருக்கிறது. முதலில் அதை எடு. ரெசிஸ்ட் வேறு, டிஃபை வேறு. ரெசிஸ்ட் என்றால் மேலே வந்து விழுவதற்கு இடம் கொடுக்காமல் நிற்பது. அதற்கு மனசுகூட வேண்டாம். மின்கம்பிக்கும் ரெசிஸ்டன்ஸ் உண்டு, டிடிடிக்குச் சாகாத கொசுவுக்கும் உண்டு. டிஃபையன்ஸ் அப்படியில்லை. உத்தரவு இன்னதென்று தெரிந்து, போட்டவர் கண்ணெதிரிலேயே மீறுவது. 1952-இல் தென்னாப்பிரிக்காவில் வெள்ளையருக்கென்று ஒதுக்கிய வாசல்களில் வேண்டுமென்றே நுழைந்து கைதானார்களே, அந்த இயக்கத்தின் பெயர் டிஃபையன்ஸ் கேம்பெய்ன். கைதாகத்தான் போனார்கள், அவர்களுக்கு அந்தச் சொல் பொருந்தும். மெமோவுக்கான பதிலில் அதை எழுதினால் நீயே கொடுத்த ஒப்புதல் ஆகிவிடும். ஒளிவுமறைவாக மீறினாலும் டிஸ்ஒபே என்று சொல்லலாம். ஃப்ளவுட் என்றால் மீறுவதோடு ஏளனமும் சேர்ந்துவிடும். இரண்டும் வேண்டாம்.

1946-ஆம் ஆண்டின் மாதிரி நிலையாணைகளில், அதாவது தொழிற்சாலைகளுக்கு அரசு வகுத்த மாதிரி வேலைவிதிகளில், ஒழுங்கீனப் பட்டியலின் முதல் இனமே வேண்டுமென்றே கீழ்ப்படியாமைதான். அதே வரியில், அந்த உத்தரவு 'லாஃபுல் அண்ட் ரீசனபிள்' ஆக, சட்டப்படியும் நியாயமாகவும், இருக்க வேண்டும் என்றும் இருக்கிறது. அது தொழிலாளர்களுக்கானது, உனக்குப் பொருந்துமோ என்னவோ. உன் கம்பெனி விதிகளில் இந்த இரண்டு சொல்லும் இருக்கின்றனவா பார். இருந்தால் உன் பதில் முழுக்க அதன்மேல்தான் நிற்க வேண்டும்.

கையெழுத்துப் போட ஆட்சேபித்தேன் என்பதற்கு 'ஐ அப்ஜெக்டட் டு சைனிங்' என்று எழுது. அங்கே 'டு சைன்' வராது. ரெஃப்யூஸுக்குத்தான் 'டு சைன்'. டிக்ளைன் இன்னும் தணிவானது, ஆனால் அழைப்பிதழுக்குப் பதில் எழுதுவது மாதிரி இருக்கும். நடந்தது மறுப்பு என்றால் ரெஃப்யூஸ் என்றே எழுது, அடுத்த வாக்கியத்திலேயே காரணம் வரட்டும். பார்க்காத சரக்கைப் பார்த்ததாகக் கையெழுத்துப் போட முடியாது என்று எழுதியிருக்கிறாயே, அதில் நான் கைவைக்கவில்லை. ஒரு கமாகூட மாற்றாதே.

மெமோவின் தேதி மேலேயே இருக்கிறது. அதற்குப் பிறகுதான் அம்மாவிடம் போனில் "வேலை நல்லா போகுது" என்றாய். அவளிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை.

ராத்திரியில் அனுப்பாதே. கோபத்தில் எழுதியதைக் காலையில் ஒருமுறை வாய்விட்டுப் படி. 'ஆல்வேஸ்', 'நெவர்' எங்கெங்கே வருகிறதோ எல்லாம் போகட்டும். சாப்பிட்டுவிட்டுப் படி. ராத்திரியில் மட்டும் அனுப்பாதே.

அந்த உத்தரவு வாய்மொழியாக வந்ததா, மெயிலிலா? மெயில் என்றால் அதன் தேதியை முதல் பத்தியிலேயே எழுது. வாய்மொழி என்றால் யார், எப்போது, பக்கத்தில் யார் இருந்தார்கள் என்பது வேண்டும். வெள்ளிக்கிழமை கெடு. திருத்தியதை வியாழனே எனக்கு அனுப்பு. எழுத நேரமில்லை என்றால் போனில் சொல், பத்து மணிக்கு மேல் ஆனாலும் விழித்திருப்பேன்.

அப்பா