பெயருக்கு எதிரே ஒரு பச்சைக் குறி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளிப் பெற்றோர் குழுக்களின் வசூலும் விழாச் செலவும் அளவு மீறிப் போவதைக் குறித்துக் குறைபடுகிறவர்களில் பெரும்பாலோர் பணம் கொடுக்க நேர்ந்தவர்கள். நான் வாங்கி வைத்தவன். என் மகளின் வகுப்புப் பெற்றோர் குழுவுக்கு இரண்டு ஆண்டுகள் பொருளாளராக இருந்தேன். ஆகவே இக்கடிதத்தில் புகார் பாதி, ஒப்புதல் வாக்குமூலம் பாதி.

நான்கைந்து பேர் கூடிப் பேசித் தொகையைத் தன்னிச்சையாக முடிவு செய்தோம் என்று யாரும் எண்ண வேண்டாம். எல்லாம் வாக்கெடுப்பு வைத்துத்தான் நடந்தது. வாட்ஸ்அப்பில் 2022-ஆம் ஆண்டு வந்த வாக்கெடுப்பு வசதியில் மூன்று தொகைகளைப் போட்டு, ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வோம். யார் எதற்கு வாக்களித்தார் என்பது அதில் பெயரோடு குழுவில் உள்ள அனைவருக்கும் தெரியும். பிறர் பார்க்க வாக்களிக்கச் சொன்னால் எளியவன் தன் மனம்போல் வாக்களிக்க மாட்டான் என்று கண்டு, ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவும் தெற்கு ஆஸ்திரேலியாவும் 1856-லேயே ரகசிய வாக்குச்சீட்டைச் சட்டமாக்கிவிட்டன. எங்கள் வகுப்புக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை. முதல் பத்து நிமிடத்தில் வாக்களித்தவர்கள் உச்சத் தொகையைத் தொட்டார்கள். பின்னால் வந்தவர்கள் அதையே பின்பற்றினார்கள். கடைசித் தொகைக்கு ஒரே ஒரு வாக்கு விழுந்தது. அரை மணி நேரத்தில் அதுவும் மேலே ஏறிவிட்டது. பெரும்பான்மை முடிவு என்று நான்தான் அறிவித்தேன்.

அதன்பின் பட்டியல். எல்லாப் பிள்ளைகளின் பெயரையும் வரிசையாக எழுதி, பணம் வந்தவர்களின் பெயருக்கு எதிரே பச்சைக் குறி போட்டு, தினமும் இரவு குழுவில் இடுவேன். வெளிப்படையான கணக்கு என்று எனக்கு அதில் பெருமை கூட இருந்தது. நாள் ஆக ஆகக் குறி இல்லாத பெயர்கள் குறையும். குறையக் குறைய அவை பளிச்சென்று தெரியும். ஒரு மாலை, பள்ளி விடும் நேரத்தில், ஒரு தந்தை என்னை வாயிற்கதவின் ஓரமாக அழைத்து, நான்காக மடித்த நோட்டுகளைக் கையில் வைத்தார். பாதித் தொகைதான் இருந்தது. “மீதியை அடுத்த மாசம் தந்துடறேன் சார். பேரை மட்டும் தினமும் போடாதீங்க, பொண்ணு பார்க்கிறா” என்றார். பெற்றோருக்கான குழு என்றுதான் நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். வீட்டில் ஒரே ஒரு கைபேசி இருந்தால் அதைப் பிள்ளையும் எடுத்துப் பார்க்கும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. அன்று இரவும் பட்டியலை இட்டேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவருக்குப் பாதிக் குறி எப்படிப் போடுவது என்று தெரியாமல் வெறுமனே விட்டிருந்தேன்.

இந்தச் செலவுக்கு உச்ச வரம்பு என்று எதுவும் கிடையாது. சென்ற ஆண்டு செய்ததே இந்த ஆண்டுக்குக் குறைந்தபட்சமாகிவிடுகிறது. பக்கத்து வகுப்பு செய்தது அதற்கு மேல் ஏறுகிறது. பிரிவு உபசார விழாவுக்குப் பெயர் அச்சிட்ட சட்டைகள், பலூன் வளைவு, புகைப்படக்காரர் என்று வளர்ந்து வந்ததில், வகுப்பறைச் சுவரின் காரை பெயர்ந்திருப்பது படத்தில் விழக்கூடாதென்று ஒரு துணித்திரையை வாடகைக்கு எடுத்து அதன் முன் கட்டினோம். சுவரைப் பூசுவது பள்ளியின் வேலை, அதில் நாம் தலையிடக்கூடாது என்றார்கள். சரிதான். திரை கட்டுவது யாருடைய வேலை என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

பெற்றோர் அமைப்புகள் இதற்காகத் தோன்றியவை அல்ல. 1897-இல் வாஷிங்டனில் ஆலிஸ் பர்னியும் ஃபீபி ஹெர்ஸ்டும் கூட்டிய தாய்மார் மாநாட்டிலிருந்து வளர்ந்த அமெரிக்கப் பெற்றோர்-ஆசிரியர் சங்கம், மழலையர் பள்ளிகள் வேண்டும், குழந்தைத் தொழிலுக்குச் சட்டத் தடை வேண்டும், பள்ளியில் சூடான மதிய உணவு வேண்டும் என்று போராடியது. அந்த வரலாற்றிலும் கறை உண்டு. இனப் பாகுபாட்டால் கறுப்பினப் பெற்றோர் தனியே ஒதுக்கப்பட்டிருந்ததால், செலினா ஸ்லோன் பட்லர் 1926-இல் அவர்களுக்கெனத் தேசிய அமைப்பொன்றை நிறுவினார். இரண்டும் ஒன்றாக இணைவதற்கு 1970 வரை ஆயிற்று. பிள்ளைகளின் நலம் என்ற ஒரே காரணத்துக்காகக் கூடுகிறவர்கள் கூட யாரோடு உட்காருவது என்று கணக்குப் பார்த்தே உட்கார்ந்திருக்கிறார்கள். எங்கள் வகுப்பிலும் முதல் குழுவுக்குள் ‘ஏற்பாட்டாளர்கள்’ என்று இரண்டாவது குழு ஒன்று முளைத்தது. அதில் யார் யார் இருந்தார்கள் என்பதை வாசகர்கள் எளிதாக ஊகித்துக்கொள்ளலாம்.

பணத்தைப் போலவே நேரமும் ஆளைப் பிரிக்கிறது. ஜப்பானில் பெற்றோர்-ஆசிரியர் சங்கத்தில் சேருவது சட்டப்படி விருப்பத்துக்கு உட்பட்டதுதான். நடைமுறையில் கட்டாயம் போலாகி, வேலைநாள் பகலில் கூட்டம் வைப்பதால் வேலைக்குப் போகும் தாய்மார்கள் படும் பாடு அங்கே பெரிய விவாதமாயிருக்கிறது. எங்கள் கூட்டங்களும் காலை பதினொரு மணிக்குத்தான். அந்த நேரத்தில் வர முடிந்தவர்கள் முடிவெடுப்பார்கள். வர முடியாதவர்கள் மாலையில் நாற்காலி அடுக்குவார்கள். ஆண்டு விழா நடனத்துக்கு இருபது பிள்ளைகளின் உடைகளை மூன்று இரவு கண் விழித்துத் தைத்துக் கொடுத்த அம்மா ஒருவர் இருந்தார். விழா முடிந்ததும் நாங்கள் எழுதிய நன்றிச் செய்தியில் நன்கொடை தந்தவர்கள் அத்தனை பேரும் இருந்தார்கள், அவர் மட்டும் இல்லை. அந்தச் செய்தியை எழுதியவனும் நான்தான்.

வசதியுள்ளவர்களை வில்லன்களாக்குவது என் நோக்கமல்ல. அவர்களில் பலர் உண்மையான பிரியத்தோடு கொடுத்தார்கள். கொடுத்தபின் முதுகுக்குப் பின்னால் ‘பணத்திமிர்’ என்ற பேச்சும் வாங்கினார்கள். கட்ட முடியாத மூன்று பேருக்காக ஒருவர் ரகசியமாகப் பணம் கட்டினார். அதை ஒரே ஒருவரிடம்தான் சொன்னார். அவரும் ஒரே ஒருவரிடம்தான் சொன்னார். வார இறுதிக்குள் அந்த மூன்று வீடுகளுக்கும் செய்தி போய்விட்டது. அவர்களில் இரண்டு பேர் அதன்பின் எந்தக் கூட்டத்துக்கும் வரவில்லை.

மாற்று வழி இல்லாமலில்லை. அமெரிக்காவின் போர்ட்லாண்ட் நகரில், கூடுதல் பணியாளர்களுக்காக ஒரு பள்ளியின் பெற்றோர் திரட்டும் நிதியில் முதல் 10,000 டாலருக்கு மேற்பட்டதில் மூன்றில் ஒரு பங்கைப் பிற பள்ளிகளுக்கான பொது நிதிக்குத் தர வேண்டும் என்ற விதி பல ஆண்டுகள் இருந்தது. அவ்வளவு பெரிய ஏற்பாடு நமக்குத் தேவையில்லை. என் பொறுப்பின் கடைசிப் பருவத்தில், தொகை எதையும் குறிப்பிடாமல் எல்லா வீட்டுக்கும் ஒரே மாதிரி உறை ஒன்றைக் கொடுத்தனுப்பி, பெயர் எழுதாமல் ஒட்டித் திருப்பித் தரச் சொன்னோம்; வந்த பணத்தை எண்ணிய பிறகே என்ன செய்வது என்று பேசினோம்; கூட்டத்தை மாலைக்கு மாற்றினோம்; ஆசிரியருக்குப் பிள்ளைகள் எழுதிய கடிதங்களை மட்டும் தொகுத்துக் கொடுத்தோம். வழக்கமான வசூலில் முக்கால்வாசி சேர்ந்தது. காலி உறைகளும் இருந்தன. எத்தனை என்று நான் எண்ணவில்லை. சட்டையும் இல்லை, பலூனும் இல்லை. பிள்ளைகள் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. பெற்றோர் இருவர் கோபித்துக்கொண்டு குழுவை விட்டு விலகினார்கள்.

இந்த ஆண்டு பொறுப்பு வேறொருவரிடம் போயிருக்கிறது. வாக்கெடுப்பும் பட்டியலும் பச்சைக் குறியும் திரும்பி வந்துவிட்டன. சென்ற வாரம் என் பங்கைக் கட்டிவிட்டு, என் பெயருக்கு எதிரே குறி போட வேண்டாம் என்று புதிய பொருளாளரைக் கேட்டுக்கொண்டேன். கணக்கு குழம்பிவிடுமே சார் என்று பதில் வந்திருக்கிறது.

இப்படிக்கு,
முன்னாள் பொருளாளர் ஒருவர்