அந்தக் கண்ணாடி அலுமாரியப் புள்ளையளுக்குத் திறந்து விடுங்க

மதிப்புக்குரிய தவிசாளர் ஐயாவுக்கும் நூலகக் குழு உறுப்பினர்மாருக்கும் வணக்கம்.

போன சனிக்கிழமை நம்மட நூலகத்துல புத்தகம் கேட்டு வந்த என்ட அக்காட மகளத் திருப்பி அனுப்பினது உங்கட காதுக்கு வந்திரிக்கும், அதால சுத்தி வளைக்காம விசயத்துக்கு வாறன். உசாத்துணைப் பகுதியில மூலையோட நிக்கிற கண்ணாடி அலுமாரிப் புத்தகங்கள 18 வயசுக்குக் குறைஞ்ச ஆக்களுக்குக் குடுக்கக் கூடாதெண்டு போட்ட கட்டளைய எடுத்து விடுங்க. புள்ளையள் அத வீட்ட கொண்டு போய் வாசிக்க வழி செய்யுங்க.

வெளிநாட்டுல இரிக்கிற நம்மட ஊராக்கள் பெட்டி கட்டி அனுப்பின புத்தகங்களோட ‘ஹங்கர் கேம்ஸ்’ எண்ட இங்கிலீசு நாவல்ட மூண்டு பாகமும் அதுக்குள்ளதான் கிடக்கு. சுசான் கொலின்ஸ் எழுதினது, 2008, 2009, 2010 எண்டு வரிசையா வந்தது. உலகம் முழுக்க இளசுகள் வாசிச்சு முடிச்சு, படமும் வந்து போய், 2025ல அதே வரிசையில இன்னொண்டும் வந்த பிறகுதான் எனக்கு முதல் பாகம் கையில கிடைச்சது. அந்தப் பாகம் வந்த 2008ல எனக்கும் கதை சொல்லுற கட்னிஸுக்கும் ஒரே வயசு, 16. அப்ப எங்களுக்குப் புத்தகம் எங்க? 2007ல யுத்தத்தால நம்மட படுவான்கரைய விட்டு மட்டக்களப்பு வாவிக்கு அங்கால ஓடி, தறப்பாள் கொட்டிலுக்குள்ள கிடந்துட்டுத் திரும்பி வந்து, வீடு நிண்ட இடத்தத் துப்பரவாக்கின காலம் அது.

கதையில பனெம் எண்ட நாட்டுல 12 மாவட்டம். வருசா வருசம் 12 வயசுல இருந்து 18 வயசு வரைக்கும் இரிக்கிற புள்ளையள்ட பேரக் குலுக்கி, மாவட்டத்துக்கு ஒரு ஆணும் ஒரு பொண்ணுமாக் கொண்டு போய், ஒராள் மிஞ்சுமட்டும் ஆளையாள் கொல்ல விட்டு டிவியில காட்டுவாங்க. வீட்டுல பசியெண்டா புள்ள போய் இன்னொரு தரம் தன்ட பேரப் போட்டு, ஒராளுக்கு ஒரு வருசத்துக்கான தானியமும் எண்ணெயும் வாங்கலாம். ஆனா போட்ட பேர் அடுத்த வருசமும் உள்ளுக்கதான் நிக்கும், கூடிக்கூடிப் போகும். அப்பிடிக் கட்னிஸ்ட பேர் 20 துண்டுல கிடக்கு. தங்கச்சி ப்ரிம்முக்கு 12 வயசு, ஒரே ஒரு துண்டுதான், அந்தத் துண்டுதான் கைக்கு வருது. இந்த இடத்துல மேல வாசிக்க ஏலாமப் புத்தகத்த மூடி வெச்சன். உலர் உணவுக்குக் கியூவில நிண்ட எங்களுக்கும், இயக்கம் சண்டைக்கு ‘வீட்டுக்கொரு புள்ள’ எண்டு கேட்டு வந்த காலத்துல பெத்த புள்ளைய நெல்லு மூட்டைக்குப் பின்னால ஒளிச்சு வெச்ச எங்கட அம்மாமாருக்கும் இத ஆரும் விளங்கப்படுத்தத் தேவையில்ல. எழுதினவட அப்பா வியட்நாம் போருக்குப் போன விமானப்படை ஆள். டிவியில சேனல் மாத்தேக்க ஒண்டுல ரியாலிட்டி ஷோவும் மற்றதுல ஈராக் யுத்தமும் ஓடினதப் பாத்துத்தான் இந்தக் கதை மனசுல விழுந்ததெண்டு அவவே சொல்லியிரிக்கா.

அக்காட மகளுக்கு 14 வயசு. சனிக்கிழமை டியூசன் முடிஞ்சதும் சைக்கிளக் கொண்டு வந்து நூலக வாசல்ல சாத்திட்டு உள்ளுக்கு வருவா. என்ட அங்கத்துவ அட்டையில நான் பக்கத்துல இருந்தாத்தான் புத்தகத்த மேசையில வெச்சு வாசிக்க விடுவாங்க. அகராதிய மறுபக்கம் விரிச்சு வெச்சுக்கிட்டு, விளங்காத சொல்லு ஒவ்வொண்டாத் தேடித் தேடி வாசிப்பா. பூட்டுற நேரம் வந்தா நீலப் பேனையால மணிக்கட்டு உள்பக்கத்துல பக்க நம்பர எழுதிக்குவா, துண்டு வெச்சா அடுத்த கிழமைக்குள்ள ஆராவது எடுத்துருவாங்களாம். குளிச்சா அழிஞ்சிருமெண்டு வீட்ட போனதும் கொப்பியில பாத்தெழுதி வைப்பா. இப்பிடித்தான் முதல் பாகத்த முடிச்சா. ரெண்டாவதக் கேட்டா எடுத்துக் குடுப்பாங்கெண்டு ஆசையோட போன புள்ளைக்கு, ‘இதுல கொலை வருது, சபையில முடிவெடுத்தாச்சு, சின்ன ஆக்களுக்கு இல்ல’ எண்டு பதில். சொன்ன உத்தியோகத்தர்ல பிழையில்ல, அவர் கட்டளையத்தான் சொன்னவர். புள்ள ஒண்டும் கதைக்கல்ல, அகராதிய எடுத்த இடத்துல வெச்சுட்டு வெளியில வந்துட்டா.

ஐயா, கொலையெண்டா சொல்லுறீங்க? கோயில் வெளியில விடிய விடிய ஆடுற வடமோடிக் கூத்துல, சக்கரவியூகத்துக்குள்ள தனிய மாட்டின அபிமன்யுவ எல்லாருமாச் சேந்து கொல்லுறதப் புள்ளையள மடியில வெச்சுத்தானே பாக்கிறம்? பாண்டிருப்புத் திரௌபதை அம்மன்ட 18 நாள் சடங்குக்கும் அவங்களக் கூட்டிக்கிட்டுத்தானே போறம்? ஏகசக்கரத்துல வீட்டுக்கு ஒராளா முறை வெச்சுப் பகாசுரனுக்கு அனுப்பின கதைய அம்மம்மாமார் சோறு தீத்தேக்கயே சொல்லித் தந்தவங்க. குலுக்கல்ல பேர் வாற வயசு 12ல இருந்து 18 எண்டா, அத வாசிக்கிற வயசும் அதுதான்.

ஒக்டோபர் வாசிப்பு மாதத்துக்குப் பெனர் கட்டினீங்க, பேச்சுப்போட்டி வெச்சீங்க, ‘இந்தக் காலத்துப் புள்ளையள் போனுக்குள்ளதான் கிடக்குதுகள்’ எண்டு மேடையில கவலைப்பட்டீங்க. வாசிக்க வந்த புள்ளையத் திருப்பி அனுப்பினதும் நம்மட நூலகம்தான். வீதிக்கு வரவேற்பு வளைவு கட்டக் காசு வருது, புத்தக ராக்கைக்குக் கறையான் மருந்தடிக்கக் கேட்டா ஒதுக்கீடு இல்ல. சரி, அதுக்கு வேற மடல் எழுதுவன்.

இப்ப நான் கேக்கிறது அந்த அலுமாரியத் திறந்து விடச் சொல்லித்தான். தாய் தகப்பன்ட கையெழுத்த வாங்குங்க, பிந்தினா தண்டப்பணம் அறவிடுங்க, புத்தகம் பழுதாகாம உறை போட்டுத் தர நாங்க நாலு பேர் தயாரா இரிக்கிறம். டிசம்பர் லீவு தொடங்க முன்னுக்கு இதச் செய்து தருமாறு தயவா கேட்டுக்கொள்ளுறன். முடிவ எனக்குத் தபால்ல அனுப்பினா மட்டும் போதாது, நூலக அறிவித்தல் பலகையிலயும் ஒட்டி விடுங்க, அந்தப் புள்ளைக்கும் பதில் வேணும்.

இப்படிக்கு,
படுவான்கரையில இருந்து ஒரு வாசகன்