நிதி இல்லை என்பது பதிலாகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சட்டமன்றத்தில் மக்கள் நல்வாழ்வுத் துறையின் மானியக் கோரிக்கை (துறைச் செலவுக்கு அவையின் ஒப்புதல் கேட்பது) ஒரு நாளும், சிறைத் துறையின் மானியக் கோரிக்கை வேறொரு நாளும் விவாதத்துக்கு வருகின்றன. இலவச சட்ட உதவி வழக்கறிஞர் பட்டியலில் பல ஆண்டுகளாக இருக்கும் எனக்கு, இவ்விரண்டும் ஒரே வீட்டில் வந்து விடிவதைப் பார்த்துப் பழகிவிட்டது.

சில மாதங்களுக்கு முன் ஒரு தாய் நீதிமன்ற வளாகத்தில் என்னைத் தேடி வந்தார். பாலித்தீன் உறைக்குள் இரண்டு தாள்களைப் பத்திரமாக மடித்து வைத்திருந்தார். ஒன்று, திருட்டு வழக்கில் கைதான மகனுக்குக் கிடைத்த ஜாமீன் உத்தரவின் நகல். மற்றொன்று, கணவரின் மருந்துச் சீட்டு. கணவரின் இதய அறுவை சிகிச்சைக்கு முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை கைகொடுத்தது என்பதை அவர் நன்றியோடு சொன்னார். ஆனால் அதன்பின் ஆயுள் முழுவதும் சாப்பிட வேண்டிய மாத்திரைகளில், அரசு மருத்துவமனையில் இருப்பில்லாத இரண்டை வெளியே மெடிக்கலில்தான் வாங்க வேண்டியிருந்தது. வெளிநோயாளியின் மாதாந்திர மருந்துச் செலவு பொதுவாக அந்த அட்டையில் வராது. மகனின் கூலி நின்றதும் வீட்டில் முதலில் நின்றது அந்த இரண்டு மாத்திரைகள்தான். ஜாமீன் உத்தரவு வந்து ஒரு மாதம் கடந்தும், வீட்டுவரி ரசீதுடன் வந்து கையெழுத்திட இரண்டு ஜாமீன்தாரர்கள் கிடைக்காததால் மகன் உள்ளேயே இருந்தார்.

இது ஏதோ ஒரு குடும்பத்தின் கதை அல்ல. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022-ஆம் ஆண்டுக் கணக்குப்படி இந்தியச் சிறைகளில் இருந்த சுமார் 5.73 லட்சம் பேரில் 4.34 லட்சம் பேர், அதாவது நான்கில் மூன்று பங்கினர், குற்றம் நிரூபிக்கப்படாத விசாரணைக் கைதிகள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479-ஆவது பிரிவு, ஆயுள் அல்லது மரண தண்டனைக்குரிய குற்றம் தவிர்த்த வழக்குகளில், முன்பு எந்தக் குற்றத்துக்கும் தண்டிக்கப்படாத ஒருவர் அதிகபட்ச தண்டனைக் காலத்தில் மூன்றில் ஒரு பங்கைச் சிறையில் கழித்துவிட்டால் அவரைப் பிணையில் விடச் சொல்கிறது. நல்ல சட்டம்தான். ஆனால் நாள்களைக் கணக்கிட்டு மனுப்போட ஆளும், மனுவைக் கேட்க நீதிபதியும் இருந்தால்தான் அது கைதியைச் சென்றடையும். அதற்குப் பணம் வேண்டும்.

பணம் என்றதும் எழுகிற ‘நிதி இல்லை’ என்ற பதில் நமக்குப் புதிதல்ல. பீகாரின் பாகல்பூரில் விசாரணைக் கைதிகளின் கண்கள் குருடாக்கப்பட்ட கொடுமை தொடர்பான வழக்கில், 1980-ஆம் ஆண்டு இறுதியிலேயே உச்ச நீதிமன்றம் அந்தப் பதிலை ஏற்க மறுத்தது: ஏழைக் கைதிக்கு வழக்கறிஞரை அமர்த்தித் தரும் கடமையிலிருந்து, நிதி இல்லை என்று சொல்லி அரசு விலகிக்கொள்ள முடியாது. இதைவிட முக்கியமானது 1996-ஆம் ஆண்டுத் தீர்ப்பு. ரயிலிலிருந்து விழுந்து தலையில் படுகாயமடைந்த விவசாயத் தொழிலாளர் ஒருவரை, கொல்கத்தாவில் அரசு மருத்துவமனைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுக்கை இல்லை என்று திருப்பி அனுப்பிய வழக்கு அது. அதில் நீதிமன்றம், சட்ட உதவி பற்றி முன்பு சொன்னதையே எடுத்துக்காட்டி, மருத்துவ உதவிக்கும் அது அதே வலுவோடு, ஏன் அதைவிட வலுவாகவே பொருந்தும் என்றது. கைதியின் உரிமையையும் நோயாளியின் உரிமையையும் ஒரே நூலில் கோத்த அந்தத் தீர்ப்பை எந்தக் கட்சியும் மேடையில் பேசி நான் கேட்டதில்லை.

மேடைகளில் கேட்பதெல்லாம் கடும் தண்டனையும், கூடுதல் காப்பீட்டுத் தொகையும்தான். அறுவை சிகிச்சைக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் என்பது சுவரொட்டியில் எடுப்பாகத் தெரியும். மாதம் சில நூறு ரூபாய் மாத்திரை தெரியாது. 2025-க்குள் பொது மருத்துவச் செலவை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.5 சதவீதமாக உயர்த்துவோம் என்று 2017-ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கொள்கை உறுதி கூறியது. 2021-22 கணக்கில் அது 1.84 சதவீதம். நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் சுமார் 39 சதவீதத்தை மக்கள் தங்கள் கையிலிருந்தே கொடுத்திருக்கிறார்கள்.

உழைத்து வரி கட்டுகிறவர்கள் இருக்க, கைதிக்கு ஏன் செலவழிக்க வேண்டும் என்று கேட்பவர்களைச் சந்திக்கிறேன். அவர்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஜாமீன் கிடைத்தவரை ஒவ்வொரு நாளும் உள்ளே வைத்திருக்க ஆகும் சாப்பாடும் காவலும் வரிப்பணம்தான்; அந்தச் செலவை எந்த நீதிமன்றமும் செய்யச் சொல்லவில்லை. வேறு பாதுகாப்புப் பணி வந்துவிட்டால் கைதியை அழைத்துச் செல்லும் வழிக்காவலுக்குப் போலீசார் இல்லாமல், மருத்துவமனைக்குப் போக வேண்டிய கைதியின் தேதி தள்ளிப்போவதும் எங்களுக்குப் பழக்கமான செய்தி.

ஏழைக் கைதிகளின் பிணைக்கு 40,000 ரூபாய் வரை தரும் திட்டத்தை மத்திய அரசு 2023-இல் கொண்டுவந்தது. அதே ஆண்டு ஜனவரியில், பிணை கிடைத்தும் 7 நாள்களில் வெளிவராதவர் பற்றிச் சிறைக் கண்காணிப்பாளர் இலவச சட்ட உதவி தரும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் வழிகாட்டியது. இவை இருந்தும், மேற்சொன்ன தாயின் மகன், நாங்கள் மனுப்போட்டு நீதிமன்றம் நிபந்தனையைத் தளர்த்திய பின்பே, ஜாமீன்தாரர் தேவையில்லாத சொந்தப் பிணையில் வந்தார்.

நீண்டகால நோயாளிகளின் மருந்துச் செலவை முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்க்க வேண்டும். அடுத்த மானியக் கோரிக்கை விவாதத்தில், ஜாமீன் உத்தரவு இருந்தும் நம் மாநிலச் சிறைகளில் இருப்பவர்கள் அன்றைய தேதியில் எத்தனை பேர் என்ற ஒரே ஓர் எண்ணை, ஆளுங்கட்சியோ எதிர்க்கட்சியோ, யாராவது ஓர் உறுப்பினர் கேட்டுப் பெற்று அவைக்குறிப்பில் ஏற்ற வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சட்ட உதவி வழக்கறிஞர் ஒருவர்