நரம்பு வெறும் ஒயர் இல்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த நரம்பு மண்டலம் பற்றிய கட்டுரையை எங்கள் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறேன். கேரளத்தின் இடுக்கி மலையில் தமிழ்வழியில் படிக்கிற பிள்ளைகளுக்குப் பாடப்புத்தகத்துக்கு வெளியே அறிவியல் வாசிக்கக் கிடைப்பது அபூர்வம். அதனாலேயே இரண்டு ஆட்சேபங்களைச் சொல்லியாக வேண்டும்.

முதலாவது சின்னது. மூளையில் நியூரான் என்கிற நரம்புச் செல்களைப் போலப் பத்து மடங்கு, அவற்றுக்குத் துணைநிற்கிற கிளியா செல்கள் இருப்பதாகவும், அவை இடத்தை அடைக்கிற நிரப்புப் பொருள் என்றும் கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். அது பழைய கணக்கு. பிரேசிலைச் சேர்ந்த சுசானா எர்க்குலானோ-ஹூசெல் குழுவினர் மூளைத் திசுவைக் கரைத்து, செல் உட்கருக்களை எண்ணிப் பார்த்து 2009-இல் வெளியிட்ட கணக்குப்படி நியூரான்கள் சுமார் 8,600 கோடி. மற்ற செல்களும் ஏறக்குறைய அதே அளவுதான். அவை நிரப்புப் பொருளும் இல்லை. கை கால் நரம்பிழைகளைச் சுற்றி மயலின் என்ற கொழுப்பு உறையைப் போர்த்துவது ஷ்வான் செல் என்ற கிளியா. தொழுநோய்க் கிருமி போய்க் குடியேறுவது அந்தச் செல்லுக்குள்தான். அந்த நோயில் விரல் மரத்து, அடுப்பில் சுட்டாலும் தெரியாமல் போவது அங்கே தொடங்குகிற சேதம்.

இரண்டாவது ஆட்சேபம்தான் பெரியது. மூளையிலிருந்து விரல் நுனிவரை ஒரே ஒயரில் கரண்ட் ஓடுவதுபோலக் கட்டுரை விளக்குகிறது. நூறு வருஷத்துக்கு முன்பே தோற்றுப்போன வாதம் இது. 1873-இல் இத்தாலியின் கோல்ஜி வெள்ளி உப்பால் நரம்புச் செல்லுக்குக் கறுப்புச் சாயம் ஏற்றும் முறையைக் கண்டுபிடித்தார். மூளை முழுக்க இடைவெளியில்லாத ஒரே வலை என்பது அவர் கட்சி. அவருடைய சாயத்தையே எடுத்துக்கொண்டு ஸ்பெயினின் கஹால், ஒவ்வொரு செல்லும் தனித்தனி என்று படம் படமாக வரைந்து காட்டினார். 1906-இல் இருவருக்கும் சேர்த்து நோபல் பரிசு கொடுத்தார்கள். பரிசு வாங்கிய மேடையிலேயே கோல்ஜி கஹாலின் கொள்கையை மறுத்துப் பேசினார். வகுப்பில் பிள்ளைகள் இதைக் கேட்டுச் சிரிக்காத வருஷமில்லை.

செல்லுக்கும் செல்லுக்கும் நடுவே இடைவெளி இருக்கிறதென்றால் செய்தி எப்படித் தாண்டும்? 1921-இல் ஆட்டோ லோவி என்ற விஞ்ஞானி இரண்டு தவளை இதயங்களைத் திரவத்தில் துடிக்கவிட்டார். ஒன்றுக்கு மூளையிலிருந்து வருகிற வேகஸ் நரம்பைத் தூண்டியதும் அதன் துடிப்பு மந்தமானது. அதைச் சுற்றியிருந்த திரவத்தை எடுத்து மற்றதன்மேல் விட்டதும், நரம்பே இல்லாத அந்த இதயமும் மந்தமானது. செய்தியைக் கடத்தியது ஒரு ரசாயனம். அதன் பெயர் அசிட்டைல்கோலின். அது வந்த வேலை முடிந்ததும் உடனே சிதைக்கப்பட வேண்டும். அதற்கென்றே அந்த இடைவெளியில் ஒரு நொதி இருக்கிறது, அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் என்று.

பரீட்சைக்கு இவ்வளவு போதும். எங்கள் ஊருக்குப் போதாது. விடிகாலையில் கம்பம், கூடலூர்ப் பக்கத்திலிருந்து ஜீப்புகளில் நெருக்கியடித்து மலையேறி வருகிற பெண்கள் காய் எடுக்கிற ஏலத்தோட்டங்களில், இலைப்பேனுக்கும் தண்டுதுளைப்பானுக்கும் அடிக்கிற மருந்துகளில் ஆர்கனோபாஸ்பேட் என்ற பூச்சிக்கொல்லி வகை உண்டு. அவை பூச்சியைக் கொல்வது அந்த நொதியை முடக்கித்தான். பூச்சியிடம் இருக்கிற அதே நொதி மருந்தடிக்கிறவரிடமும் இருக்கிறது. மருந்து தோல் வழியாகவும் உள்ளே போகும். டிரம்மில் குச்சி விட்டுக் கலக்குகிறவர், பின்னால் ஓஸ் இழுக்கிறவர், சாயங்காலம் தோட்டக் குடியிருப்பான லயத்தில் அந்த நனைந்த சட்டையை வெறுங்கையால் கசக்கித் துவைக்கிற மனைவி என்று மூன்று பேருக்கும் அது போய்ச் சேர்கிறது.

நொதி முடங்கினால் அசிட்டைல்கோலின் தேங்கும். நிறுத்து என்று சொல்ல ஆளில்லாமல் சுரப்பிகளும் தசைகளும் ஓயாமல் தூண்டப்படும். வாயில் எச்சில் வழியும், உடம்பு வியர்த்துக் கொட்டும், வாந்தி வரும், கண்மணி குண்டூசி முனையளவுக்குச் சுருங்கும், தோலுக்கடியில் தசை குறுகுறுவென்று துடிக்கும். கடைசியில் மூச்சு விடுகிற தசையும் ஓய்ந்துவிடும். இங்கே இதற்குச் சொல்கிற பெயர் ‘பித்தம்’. சோடா வாங்கிக் கொடுத்து நிழலில் படுக்க வைப்பார்கள். அதில் போகிற நேரம் சாதாரண நேரமில்லை. நொதியை மீட்கிற பிராலிடாக்சிம் ஊசி சீக்கிரம் போட்டால்தான் பிடிக்கும். நேரம் கடந்தால் விஷம் நொதியோடு நிரந்தரமாக இறுகிவிடும். இதற்குப் போடுகிற இன்னொரு மருந்தான அட்ரோபின் எச்சிலையும் சளியையும் அடக்கும், தசைகளின் தளர்ச்சியைச் சரிசெய்யாது.

கீழே பள்ளத்தாக்கில் இதற்கு நேர்மாறான விபத்து நடக்கும். தரையில் படுத்திருப்பவரைக் கட்டுவிரியன் தீண்டினால் அதன் விஷம் நரம்பு முனையையே பழுதாக்கி அசிட்டைல்கோலின் வெளிவராமல் செய்கிறது. நல்லபாம்பின் விஷம் அதை வாங்கிக்கொள்கிற தசைப்பக்கத்தை அடைக்கிறது. இரண்டிலும் முதலில் இமை சரியும். காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களில் ஹெலிகாப்டரில் தெளித்த எண்டோசல்ஃபான் பூச்சிமருந்தின் வழி வேறு. அது கைவைப்பது மூளையில் செல்களை அடக்கி வைக்கிற காபா என்ற ரசாயனத்தின் சமிக்ஞையில். அதை உச்ச நீதிமன்றம் 2011-இல் தடை செய்தது.

ஒயர் உவமையை வைத்துக்கொண்டு இதில் ஒன்றையும் விளக்க முடியாது. ஒயர் எங்கும் அறுந்திருக்காது, ஆனாலும் ஆள் மூச்சுத் திணறிக் கிடப்பார்.

அடுத்த இதழில் இரண்டாம் பாகம் வருமென்று அறிவித்திருக்கிறீர்கள். அதில் ஒரு பக்கத்தையாவது இந்த இடைவெளிக்கு ஒதுக்கக் கட்டுரையாளரைக் கேட்டுக்கொள்ளுங்கள். கூடவே ஒரு பெட்டிச் செய்தியாக: நனைந்த துணியைக் கழற்றிப் போட்டு உடம்பைச் சோப்புப் போட்டுக் கழுவுவது, உதவுகிறவர் கையுறை போட்டுக்கொள்வது, மருந்து டப்பாவை லேபிளோடு ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போவது. லேபிளில் சிவப்பு முக்கோணம் என்றால் கடும் விஷம், அடுத்தது மஞ்சள், பிறகு நீலம், கடைசியாகப் பச்சை. மலையாளம் படிக்கத் தெரியாத எங்கள் பிள்ளைகளின் அப்பா அம்மாக்களுக்கு நிறமாவது தெரியட்டும். பக்கம் வந்ததும் பிரதி எடுத்து ஜீப் ஸ்டாண்டில் ஒட்டுவது என் பொறுப்பு.

இப்படிக்கு,
உயிரியல் ஆசிரியை ஒருவர்,
வண்டன்மேடு, இடுக்கி மாவட்டம்.