அடுத்த வசனத்தையும் படி

அன்புள்ள மகளுக்கு,

நீ போனில் கேட்டதற்கு அப்போதே பதில் சொல்லியிருந்தால் பேச்சு எங்கெங்கோ போயிருக்கும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். புனித நூல்களைப் பற்றி உன் நண்பர்களுக்குள் பெரிய வாக்குவாதம் வந்ததாகவும், ஆளாளுக்குக் குரலை உயர்த்தியதாகவும், கடைசியில் பார்த்தால் ஒருவர்கூட அந்தப் புத்தகங்களைத் திறந்ததில்லை என்றும் சொன்னாய். "படிக்காமலே இவ்வளவு உறுதியாக எப்படிம்மா பேச முடிகிறது?" என்று கேட்டாய்.

படிக்காததால்தான் அவ்வளவு உறுதி. படித்திருந்தால் பேச்சில் இழுவை வந்துவிடும். 'ஆனால் அதற்கு முன்னால் ஒன்று இருக்கிறது', 'அதை யாரிடம் சொன்னார் என்று பார்த்தால்' என்றெல்லாம் தயங்க வேண்டியிருக்கும். தயங்குகிறவர் வாக்குவாதத்தில் ஜெயிப்பதில்லை.

"கடமையைச் செய், பலனை எதிர்பாராதே" என்பதையே எடுத்துக்கொள். கீதையைத் தொடாதவர்களுக்கும் தெரிந்த வரி. இரண்டாம் அத்தியாயம், 47-ஆவது சுலோகம். அதற்கு நான்கு பாதங்கள். செயலில்தான் உனக்கு உரிமை என்கிறது முதல் பாதம். பலனில் ஒருபோதும் இல்லை என்கிறது இரண்டாவது. பலனை நோக்கமாக வைத்துச் செயல்படுகிறவனாக இராதே என்கிறது மூன்றாவது. செயலற்று இருப்பதிலும் உனக்குப் பற்று வேண்டாம் என்று நான்காவது முடிகிறது. அந்த நான்காவதை யார் வாயிலாவது கேட்டிருக்கிறாயா? அது யாரிடம் சொன்னது என்று பார். முதல் அத்தியாயத்தின் கடைசியில் வில்லைக் கீழே போட்டுவிட்டு, இந்தப் போரே வேண்டாம் என்று தேரில் உட்கார்ந்துவிட்ட ஒருவனிடம். அவனுக்காகவே சொன்ன பாதம் அதுதான். அதை வெட்டிவிட்டால் மிச்சமிருப்பது ஒரு முதலாளி தன் வேலைக்காரர்கள் தலைக்கு மேல் மாட்டிவைக்கத் தோதான அறிவிப்புப் பலகை. கீதையைத் தூக்கிப் பிடிக்கிறவர்கள் அந்தப் பலகையைக் கும்பிடுகிறார்கள். திட்டுகிறவர்கள் அதே பலகையின் மேல்தான் கல்லெறிகிறார்கள். சுலோகத்திடம் இரண்டு தரப்பும் போகவில்லை.

இன்னொன்று, "எது நடந்ததோ, அது நன்றாகவே நடந்தது." கீதாசாரம் என்று எத்தனை சுவர்களில் மாட்டியிருக்கிறார்கள்! கீதையின் 700 சுலோகங்களில் எங்கே தேடினாலும் அது கிடைக்காது. ஆதாம் தின்றது ஆப்பிள் என்று பைபிளின் முதல் நூலான ஆதியாகமம் சொல்லவில்லை, பழம் என்றுதான் சொல்கிறது. குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த ஞானிகள் மூன்று பேர் என்று மத்தேயு நற்செய்தி எண்ணிச் சொல்லவில்லை. லட்சுமணன் போட்ட கோடு வால்மீகியில் இல்லை. இவற்றால் யாருக்கும் பெரிய நஷ்டம் இல்லை, அதனால் விட்டுவிடலாம்.

நஷ்டம் வருகிற இடங்களும் உண்டு. குர்ஆனைப் பற்றிச் சண்டை வந்தால் ஒன்பதாம் அத்தியாயத்தின் 5-ஆவது வசனம் தவறாமல் வந்து நிற்கும், இணைவைப்பவர்களை, அதாவது இறைவனுக்குச் சமமாக வேறொன்றை வணங்குகிறவர்களை, கண்ட இடத்தில் கொல்லுங்கள் என்ற வரி. வெறுக்கிறவர்களும் அதைத்தான் காட்டுகிறார்கள். ஆயுதம் ஏந்துகிறவர்களும் அதைத்தான் காட்டுகிறார்கள். அதற்கு முந்தைய 4-ஆவது வசனம், உடன்படிக்கையை மீறாதவர்களிடம் தவணை முடியும்வரை உடன்படிக்கையைக் காப்பாற்றுங்கள் என்கிறது. அடுத்த 6-ஆவது வசனம், அவர்களில் ஒருவர் அடைக்கலம் கேட்டால் கொடுங்கள், இறைவாக்கைக் கேட்கட்டும், பிறகு அவரைப் பத்திரமான இடத்தில் கொண்டுபோய்ச் சேருங்கள் என்கிறது. இந்த மூன்றையும் சேர்த்துப் படித்தால் கேள்விகள் தீர்ந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. எனக்குத் தீரவில்லை. ஆனால் கேள்வியே வேறாகிவிடுகிறது. யாரோடு, எந்த உடன்படிக்கை, எப்போது என்று கேட்கத் தோன்றும். கத்திக்கொண்டே அதையெல்லாம் கேட்க முடியாது.

எனக்குச் சிரிப்பு வருவது புத்தர் காலாமர் என்ற மக்களுக்குச் சொன்ன உபதேசத்தை நினைத்தால்தான். "யார் சொன்னாலும் நம்பாதே, உன் அறிவுக்குச் சரியென்று பட்டதை மட்டும் ஏற்றுக்கொள்" என்று புத்தர் சொன்னதாக எல்லாரும் சொல்கிறார்கள். பாலி மொழியில் உள்ள அங்குத்தர நிகாயம் என்ற பௌத்த நூல் தொகுப்பில் இருக்கிறது அந்த உபதேசம். கேசபுத்தம் என்ற ஊருக்கு வருகிற போதகர்கள் ஒவ்வொருவரும் தன் கொள்கையை உயர்த்தி, அடுத்தவர் கொள்கையை மிதித்துவிட்டுப் போகிறார்கள். யாரைத்தான் நம்புவது என்று அந்த ஊர் மக்கள் கேட்கிறார்கள். நீ கேட்ட கேள்விக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது பார்! எதை மட்டும் வைத்து முடிவு செய்யக்கூடாது என்று புத்தர் பத்து விஷயங்களை அடுக்குகிறார். கேள்விப்பட்டது, பரம்பரையாக வந்தது, வேதத்தில் இருப்பது, நம் குரு சொன்னார் என்பது எல்லாம் அதில் உண்டு. அதே பட்டியலில் தர்க்கமும் இருக்கிறது. யோசித்துப் பார்த்ததில் என் கருத்தோடு ஒத்துப்போகிறது என்பதும் இருக்கிறது. ஒன்று தீங்கு தருகிறது, அறிவுடையவர்கள் அதைப் பழிக்கிறார்கள் என்று நீங்களே அறிந்தால் அதைக் கைவிடுங்கள் என்றுதான் மேலே போகிறது. நீயே பார்த்துத் தெரிந்துகொள் என்று சொல்கிற உபதேசத்தையும் பார்க்காமலேதான் மேற்கோள் காட்டுகிறோம்.

ஏன் இப்படி என்றால், சோம்பல் என்று ஒரு வார்த்தையில் முடிக்க எனக்கு மனமில்லை. மிக நீண்ட காலம் படிக்கவே விடவில்லை. பைபிளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த வில்லியம் டிண்டேலை மதத்துரோகி என்று சொல்லி 1536-இல் கழுத்தை நெரித்து, உடலை எரித்தார்கள். வேதத்தைப் பெண்களும் சூத்திரர்களும் ஓதக்கூடாது என்று எழுதி வைத்தார்கள். நீயும் நானும் அப்போது பிறந்திருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இருந்திருக்காது. யாரோ படித்துச் சொல்ல, மற்றவர்கள் கேட்பது என்ற ஏற்பாடு மனதில் ஊறிவிட்டது. தடை போய்விட்டது, பழக்கம் போகவில்லை. அதற்காகக் கேட்டு வளர்ந்தவர்களை இளப்பமாக நினைக்காதே. எழுத்தே தெரியாமல் முழு நூலை நெஞ்சில் வைத்திருந்தவர்கள் உண்டு. அவர்கள் கேட்டது முழு நூலை. நமக்கு வந்து சேர்வது ஒரு வரி.

பயமும் ஒரு காரணம். பக்தி உள்ளவருக்கு, படித்தால் பிடிக்காத ஏதாவது கண்ணில் பட்டுவிடுமோ என்று பயம். நம்பாதவருக்கு, படித்தால் பிடித்துப்போய்விடுமோ என்று பயம். அவர் அதை வெளியே சொல்லமாட்டார்.

எல்லாவற்றுக்கும் மேல் எனக்குத் தோன்றுவது இதுதான். அந்த மாதிரி வாக்குவாதங்களில் பேசப்படுவது புத்தகமே இல்லை. நான் யார் பக்கம், நீ யார் பக்கம் என்பதுதான் பேச்சு. அதற்குப் புத்தகத்தின் பெயர் போதும், உள்ளே இருப்பது தேவையில்லை. சொல்லப்போனால் உள்ளே இருப்பது இடைஞ்சல். எந்த நூலும் முழுக்க ஒரு பக்கத்தார் சொல்லுக்கு அடங்கி நடப்பதில்லை. அப்படியே திறந்தாலும் குழுப் படத்தில் தன் முகத்தை மட்டும் தேடுவது போல, தனக்கு வேண்டிய வரியைத் தேடி எடுத்துக்கொண்டு மூடிவிடுகிறார்கள்.

"முழுக்கப் படித்தவர்களே ஒத்துப்போகவில்லையே" என்று உன் நண்பர்களில் யாராவது சொல்வார்கள். நியாயமான பேச்சு. சங்கரர், ராமானுஜர், மத்வர் மூவரும் கீதைக்கு உரை எழுதினார்கள். ஒரே நூல், அத்வைதம், விசிஷ்டாத்வைதம், துவைதம் என்று மூன்று முடிவுகள். ஆனால் எந்தச் சுலோகத்தில் பிரிகிறார்கள் என்று அவர்களால் விரல் வைத்துக் காட்ட முடியும். உன் நண்பர்களின் சண்டையில் விரல் வைக்க இடமே இல்லை. அதனால்தான் அது முடியவும் மாட்டேன் என்கிறது.

இதற்காக நீ அவர்களிடம் போய் "படித்திருக்கிறாயா?" என்று மடக்காதே. அப்படி மடங்கியவர் அதன் பிறகு புத்தகத்தைத் தொடமாட்டார். லண்டனில் சட்டம் படித்துக்கொண்டிருந்த காந்தியிடம் பிரம்மஞான சபையைச் சேர்ந்த இரண்டு சகோதரர்கள் வந்து, எங்களோடு சேர்ந்து கீதை படிக்கிறீர்களா என்று கேட்டார்கள். கையில் வைத்திருந்தது எட்வின் அர்னால்டின் ஆங்கில மொழிபெயர்ப்பு. சமஸ்கிருதத்திலும் படித்ததில்லை, குஜராத்தியிலும் படித்ததில்லை என்று சொல்ல அவருக்கு வெட்கமாக இருந்ததாம். ஆனாலும் உட்கார்ந்து படித்தார். பிற்காலத்தில் அவரே அதைக் குஜராத்தியில் மொழிபெயர்த்தார், 1930-இல் வெளிவந்தது. அவர்கள் அவரைச் சோதித்துப் பார்க்கவில்லை, கூட உட்காரக் கூப்பிட்டார்கள்.

அதே காந்தி பைபிளையும் முதலிலிருந்து தொடங்கியிருக்கிறார். ஆதியாகமத்துக்கு அடுத்த பகுதிகள் தூக்கத்தைத்தான் வரவழைத்தன என்று சுயசரிதையில் எழுதுகிறார். இயேசுவின் மலைப்பிரசங்கத்துக்கு வந்ததும் அது நேராக நெஞ்சில் இறங்கிவிட்டது. நிறையப் பேர் முதல் பக்கத்தில் தொடங்கி முதல் வாரத்திலேயே மூடிவைப்பது இதனால்தான். கீதையின் தொடக்கத்தில் போர்வீரர்கள் பெயரும் சங்குகளின் பெயரும் வரிசையாக வரும். மத்தேயு வம்ச வரலாற்றில் தொடங்குகிறது. குர்ஆன் காலவரிசைப்படி அமைந்ததில்லை, பெரும்பாலும் நீண்ட அத்தியாயங்கள் முன்னாலும் குறுகியவை பின்னாலும் இருக்கும். அதனால் நீ முதல் பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நிற்காதே. மத்தேயுவில் மலைப்பிரசங்கம் வருகிற 5 முதல் 7 வரையிலான அத்தியாயங்கள், கீதையில் இரண்டாம் அத்தியாயம், குர்ஆனில் கடைசியில் இருக்கும் சின்ன அத்தியாயங்கள், இவற்றில் எதிலிருந்து வேண்டுமானாலும் தொடங்கு. உரையை முதலில் பார்க்காதே. மூலத்தின் மொழிபெயர்ப்பைப் படி, முட்டும்போது உரைக்குப் போ. ஒரே மொழிபெயர்ப்பை நம்பி இராமல் இரண்டை அருகருகே வைத்துக்கொள்.

படிக்கும்போது உனக்குப் பிடித்த வரிகளுக்கு அடிக்கோடு போடாதே, அவை எப்படியும் மனதில் நிற்கும். எங்கே எரிச்சல் வருகிறதோ அங்கே பென்சிலால் ஒரு கோடு போடு. அடுத்த முறை போனில் பேசும்போது நான் முதலில் கேட்கப்போவது அந்த இடங்களைத்தான்.

அன்புடன்,
அம்மா