எலும்பு அறுவைப் பயிற்சி: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான காரியங்களை முதலில் முடித்துவிடுகிறேன். மாதக் கூட்டங்கள் பாளையங்கோட்டையில் தவறாமல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

இந்த ஆண்டு நம் எலும்பு அறுவை மருத்துவர் சங்கத்தின் உழைப்பு பெரும்பாலும் மாணவர்கள் அறுவை பழகும் பயிற்சி மேசைக்கே போனது. நோயாளியைத் தொடுமுன் கை பழக வேண்டும் என்பது புதுச் சேதி அல்ல. 1958-ல் சுவிட்சர்லாந்தில் உருவான, எலும்பு முறிவு அறுவை மருத்துவர்களின் ஏ.ஓ. குழு, 1960-லேயே டாவோஸில் செய்முறை வகுப்பு நடத்தியது. நாம்தான் தாமதம்.

அறுவையை மெய்நிகர் திரையில் பழகும் வி.ஆர். கருவி வாங்கலாம் என்று சிலர் சொன்னார்கள். விலையைக் கேட்டதும் பேச்சு அடங்கிவிட்டது. எனக்கு அதில் வருத்தமில்லை. சிறு துளை வழியே மூட்டுக்குள் பார்த்துச் செய்யும் ஆர்த்ரோஸ்கோபியில் ஒரு கையில் கேமரா, மறு கையில் கருவி, கண் திரையில் என்று பழக அது உதவும்தான். ஆனால் முதலாண்டு மாணவருக்கு முதலில் வசப்பட வேண்டியது எலும்பில் துளை போடும் ட்ரில்.

பயிற்சிக்கான இறக்குமதி ஃபோம் எலும்பு கட்டுப்படியாகவில்லை. அதனால் மேலப்பாளையம் கறிக்கடைகளில் மாட்டெலும்பு வாங்கி, அடியில் வாழைத்தண்டைக் கட்டினோம். ட்ரில் எலும்பின் மறுபுறச் சுவரை உடைத்து வெளியேறும் நொடியில் கை சட்டென்று முன்னே பாய்ந்துவிடும்; நிஜத்தில் அங்கே ரத்தக்குழாயோ நரம்போ இருக்கும். எவ்வளவு பாய்ந்தது என்பதைத் தண்டில் விழுந்த துளை காட்டிக் கொடுத்துவிடுகிறது. ட்ரில் முனையில் மாட்டும் பிட் மழுங்கியிருந்தால் அழுத்தம் கூடும், பாய்ச்சலும் கூடும். "ஆபரேஷன் தியேட்டர்ல பழைய பிட்டைத் தூக்கிப் போடுங்கன்னு எத்தனை தடவ சொல்லுதேன்!" என்று மூத்த உறுப்பினர் அண்ணாச்சி ஒருவர் சொன்னபோது சிரித்தோம். சிரிக்கிற விஷயமில்லை.

அடுத்தது இடுப்பு. படித்துறையிலும் குளியலறையிலும் வழுக்கி விழும் பாட்டிமார் நமக்குப் பழக்கம்தானே. இடுப்பு முறிவுக்கு அவர்களுக்குப் போடும் டி.ஹெச்.எஸ். (டைனமிக் ஹிப் ஸ்க்ரூ) ஸ்க்ரூவின் நுனிக்கும் தொடையெலும்புத் தலையின் உச்சிக்கும் உள்ள தூரத்தை முன், பக்கவாட்டு எக்ஸ்ரே இரண்டிலும் அளந்து கூட்டினால் 25 மில்லிமீட்டருக்குள் நிற்க வேண்டும். மீறினால் ஸ்க்ரூ, தொடையெலும்புத் தலையை அறுத்துக்கொண்டு வெளியே வரும் அபாயம் அதிகம். இதற்கு மட்டும் பிளாஸ்டிக் எலும்பு வாங்கினோம். ஸ்க்ரூ போட்டு முடித்ததும் இரண்டு படம் எடுத்து மாணவர்களையே அளக்கச் சொன்னோம். எக்ஸ்ரேயில் உருவம் பெரிதாகத் தெரியும் என்பதால், ஸ்க்ரூவின் உண்மையான விட்டத்தை வைத்துத் திருத்திக் கணக்கிடவும் கற்றுக்கொண்டார்கள்.

ஒரு குறை: சொல்லிக்கொடுக்க வரும் மூத்தவர்கள் குறைவு. மாணவர் தனியாகத் துளை போட்டுக்கொண்டிருந்தால் தப்பான பழக்கம்தான் கெட்டிப்படும். வாரம் ஒருவர் என்று முறை போட்டிருக்கிறோம்; பட்டியல் வாசலில் இருக்கிறது. அப்புறம், ட்ரில் பேட்டரி இரண்டு மாற்ற வேண்டும், சந்தா பாக்கி உள்ளவர்கள் இன்றே கட்டிவிடுங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்